பகுதி சபையில் எந்த மொழியில் பேசுவது? சௌகார்பேட்டைப் பக்கமிருந்து ஒரு கேள்வி

வால்டாக்ஸ்_ரோடு (இழையைத் தொடங்கியவர்) | ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி. இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை.

குடியரசு தினத்தன்று எங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம், அதாவது வார்டு மக்கள் மாநகராட்சி அதிகாரியிடம் குறை சொல்லும் கூட்டம், நடந்தது. வார்டு எண் வேண்டாம். ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, வந்தது இருபத்தைந்து பேர். அதில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசாதவர்கள். எங்கள் வீட்டிலேயே தெலுங்குதான். தாத்தா காலத்தில் நெல்லூர்ப் பக்கமிருந்து வந்தோம். எனக்குத் தெலுங்கு பேச வரும். எழுதப் படிக்க வருவது தமிழ்தான்.

என் பக்கத்தில் ஒரு வளையல் கடை அம்மா. சொந்த ஊர் குஜராத் பக்கம், கல்யாணமாகி இங்கே வந்து முப்பது வருஷம் ஆகிறது. தெருவில் தண்ணீர் பொங்குவதைச் சொல்லத்தான் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். எழுந்து இந்தியில், "சார், ஹமாரா கலி மே நாலா..." என்று ஆரம்பித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருத்தர், "தமிழ்ல பேசும்மா, இது தமிழ்நாடு" என்றார். கோபமாக இல்லை, கிண்டலாகத்தான். எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். நானும் சிரித்தேன். அதுதான் உறுத்துகிறது.

எனக்குச் சின்னதாக ஒரு அச்சகம் இருக்கிறது. தேர்தல் வந்தால் ஒரே நோட்டீஸை நாலு மொழியில் அடித்துத் தரச் சொல்லி வருவார்கள். தமிழ், தெலுங்கு, இந்தி, சில தெருக்களுக்கு மட்டும் குஜராத்தி. கீழே அச்சகத்தின் பெயரும் வெளியிடுகிறவர் பெயரும் போட்டாக வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு சொல்கிறது. அதனால் எதை எத்தனை மொழியில் அடித்தேன் என்பது மறக்காது. இந்தக் கூட்டத்துக்கு வந்த அழைப்பு ஒரே மொழியில், ஒரே தாள், மண்டபத்துச் சுவரில்.

ஓட்டுக் கேட்க நாலு மொழி, குறை கேட்க ஒரு மொழி. சட்டம் என்ன சொல்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தரமணி_டெவலப்பர் | ஞாயிறு, இரவு 10:05

ரொம்ப சிம்பிள் ப்ரோ. மாநிலத்தோட ஆட்சிமொழி தமிழ், 1956லயே சட்டம் போட்டாச்சு. முப்பது வருஷம் இங்க கடை வச்சிருக்கவங்க நாலு வார்த்தை கத்துக்கக்கூடாதா? பெங்களூர்ல நாம கன்னடம் பேசலன்னா எவ்ளோ திட்டு வாங்குறோம்.

வால்டாக்ஸ்_ரோடு | ஞாயிறு, இரவு 10:11

ப்ரோ இல்லை தம்பி, அக்கா.

அந்த அம்மாவுக்கு வியாபாரத் தமிழ் நன்றாகவே வரும். "டஜன் நூத்தி இருபது, கொறைக்க முடியாது" என்று உங்களையும் என்னையும் விட வேகமாகச் சொல்வார். அதிகாரி முன்னால் எழுந்து நின்று மைக்கில் பேசுவதற்கு வேண்டியது வேறு தமிழ். அந்தத் தமிழ் எனக்கே நடுங்கும்.

தரமணி_டெவலப்பர் | ஞாயிறு, இரவு 10:14

சாரி அக்கா. ஆனா பாயின்ட் அதேதான். ஒரு இடத்துல பெரும்பான்மை என்ன பேசுதோ அதுதான் நடக்கும். அதுதானே ஜனநாயகம்?

பழைய_சிரஸ்தார் | திங்கள், காலை 6:20

நீதிமன்றத்தில் 34 ஆண்டு எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்விக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

350ஆவது பிரிவு: எந்த ஒரு நபரும் தன் குறையைத் தீர்க்கக் கோரும் மனுவை, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அந்தந்த அதிகாரியிடம் கொடுக்கலாம். அம்மையார் குஜராத்தியில் எழுதிக் கொடுத்தாலும் "இது செல்லாது" என்று திருப்பித்தர முடியாது. பதில் எந்த மொழியில் வர வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அங்கேதான் சிக்கல்.

1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த கையோடு 350ஏ, 350பி என்று இரண்டைச் சேர்த்தார்கள். முதலாவது, சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலம் முயல வேண்டும் என்பது. இரண்டாவது, மொழிச் சிறுபான்மையினருக்கென்று ஒரு தனி அலுவலர். அதே ஆண்டு மத்திய அரசு ஒரு குறிப்பாணையும் வெளியிட்டது. ஒரு நகராட்சியிலோ தாலுகாவிலோ ஒரு சிறுபான்மை மொழி பேசுகிறவர்கள் 15 முதல் 20 விழுக்காடு இருந்தால், முக்கியமான அரசு அறிவிப்புகளை அந்த மொழியிலும் வெளியிடலாம் என்பது அதன் சாரம். குறிப்பாணைதான், சட்டமல்ல. எவரும் கேட்டால்தான் உயிர் பெறும்.

தம்பி தரமணி, "பெரும்பான்மை பேசுவதுதான் ஜனநாயகம்" என்று சொன்னீர்கள். 1965 ஜனவரியில் இதே சென்னைத் தெருக்களில் மாணவர்கள் இறங்கியது அந்த வாதத்தை எதிர்த்துத்தானே? 343ஆவது பிரிவு ஆங்கிலத்துக்குக் கொடுத்த 15 ஆண்டுக் கெடு முடிகிற நேரம் அது. அன்றைக்கும் எதிர்த்தரப்பு சொன்னது "எண்ணிக்கையில் நாங்கள்தான் அதிகம்" என்பதுதான்.

குடவோலை | திங்கள், காலை 7:02

ஜனநாயகம் நமக்கு யாரும் இறக்குமதி செய்து தரவில்லை. பத்தாம் நூற்றாண்டிலேயே உத்திரமேரூரில் குடவோலை முறையில் வாரியங்களைத் தேர்ந்தெடுத்தவன் தமிழன். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இன்றும் சுவரில் இருக்கிறது. கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவுக்காரனும் நிற்க முடியாது! மூன்று ஆண்டுக்குள் பதவியில் இருந்தவனுக்கு மறுபடி வாய்ப்புக் கிடையாது! இன்றைக்கு அந்த விதியைக் கொண்டுவந்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

மலர்_டீச்சர் | திங்கள், காலை 7:30

ஐயா, அதே கல்வெட்டின் மற்ற வரிகளையும் சொல்லிவிடலாமே. நிற்பதற்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு பிரம்மதேயத்தின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை. உழுதவர் ஓலை அந்தக் குடத்தில் விழாது. வாக்ஸ் ரோடு அக்காவின் பெயரும் விழாது, என் பெயரும் விழாது.

கல்வெட்டின் பெருமையை நான் குறைக்கவில்லை. கணக்குக் கேட்கும் விதி எனக்கும் பிடிக்கும், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஆனால் வேறுவேறு ஆட்கள் சேர்ந்து வாழும் இடத்தை எப்படி ஆள்வது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அந்தச் சபை ஒரே மாதிரி ஆட்களின் சபை.

இதைச் சொல்ல வேறு காரணமும் உண்டு. மொழி மட்டுமா நம்மைப் பிரிக்கிறது? 1996இலிருந்து 2006 வரை பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நாலு ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகத் தேர்தலையே நடக்கவிடவில்லை. நடந்தாலும் ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். அங்கே எல்லாரும் பேசியது ஒரே மதுரைத் தமிழ்தான். மேலவளவில் தலைவராக ஜெயித்த முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டது எல்லாருக்கும் தெரியும். ஊர்ப் பெரும்பான்மை அங்கே ஒருமனதாக இருந்தது. அதை மீறிச் சட்டம் நின்றதால்தான் 2006 அக்டோபரில் ஓட்டுப்பெட்டி திறந்தது.

மலர்_டீச்சர் | திங்கள், காலை 7:31

*வால்டாக்ஸ். கைபேசி திருத்திவிட்டது, மன்னிக்கவும்.

பெரம்பூர்_லோக்கோ | திங்கள், மதியம் 1:15

லஞ்ச் டைம்ல படிச்சேன். நல்ல இழை.

எங்க வீட்ல இங்கிலீஷ். தாத்தா, அப்பா, நான் எல்லாரும் ரயில்வே. பெரம்பூர்ல எங்க ஆளுங்க ஒரு காலத்துல தெருத்தெருவா இருந்தாங்க, இப்போ பாதிப்பேர் ஆஸ்திரேலியா. எங்களுக்கு ஒரு விசேஷம் இருந்துது. தமிழ்நாடு சட்டமன்றத்துல எத்தனை பேருன்னு கேட்டா 234ன்னு சொல்லுவீங்க. ரொம்ப நாளா அது 235. அந்த ஒரு ஆள் ஆங்கிலோ இந்தியன், நியமன உறுப்பினர். அரசியல் சட்டத்தோட 104ஆவது திருத்தத்துல அதைத் தொடராம விட்டுட்டாங்க, 2020 ஜனவரியோட முடிஞ்சுது. மக்களவையில இருந்த ரெண்டு சீட்டும் போச்சு.

உண்மையச் சொல்லணும்னா அந்த ஒரு சீட்டால எங்க தெருவுக்கு லைட்டு வந்துதான்னா, இல்ல. தெரு லைட்டுக்கு நாங்க போனது கட்சி வட்டச் செயலாளர்கிட்டதான். அவருக்கு என் பாட்டிகிட்ட "வாட் மம்மி, ஹவ் ஆர் யூ" சொல்லத் தெரியும், பக்கத்து வீட்டு ரெட்டிகாருகிட்ட தெலுங்கு, எதிர்ல இருக்க பாய்கிட்ட உருது. மூணும் உடைஞ்ச மொழிதான். ஆனா வேலை நடக்கும். ஆனாலும் அந்தச் சீட்டு போனப்போ எங்கப்பா ரெண்டு நாள் சரியா சாப்பிடல. ஏன்னு கேட்டேன், "தே யூஸ்ட் டு கவுன்ட் அஸ்"ன்னார்.

வால்டாக்ஸ்_ரோடு | திங்கள், மதியம் 1:48

லோக்கோ அண்ணே, வட்டச் செயலாளர் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் அச்சகத்துக்கு நாலு மொழி நோட்டீஸ் கொண்டுவருகிறவரும் அவர்தான். எந்தத் தெருவுக்கு எந்த மொழி என்று துண்டுச் சீட்டில் எழுதியே கொண்டுவருவார். அந்தச் சீட்டு ஒன்று போதும், சென்சஸே வேண்டாம்.

ரிப்பன்_மாளிகை_எதிரில் | திங்கள், மாலை 6:30

சிறு ஒப்பந்த வேலைகள் எடுத்துச் செய்பவன் நான். மொழிக்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். அந்த அம்மா சொன்ன "நாலா" எது? மழைநீர் வடிகாலா, கழிவுநீர்க் குழாயா?

இது வெட்டிக் கேள்வி இல்லை. வடிகால் என்றால் மாநகராட்சி. பாதாளச் சாக்கடை என்றால் குடிநீர் வாரியம். 1978இலிருந்து அது தனி. கட்டட அனுமதி, நிலப் பயன்பாடு என்றால் பெருநகர வளர்ச்சிக் குழுமம். மின்சாரம் வேறு, போக்குவரத்து வேறு. 1688இல் தொடங்கிய மாநகராட்சி, நாட்டிலேயே பழையது என்று பெருமையாகச் சொல்கிறோம். 74ஆவது திருத்தத்தின் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 வேலைகள் பட்டியலிட்டிருக்கிறார்கள், தண்ணீரும் நகரத் திட்டமிடலும் அதில் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் எதை உள்ளாட்சிக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பது மாநில அரசு.

200 வார்டு இருக்கிறது, சரிபாதி பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது, எல்லாம் சரி. 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை இந்த நகரத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை என்பது நினைவிருக்கிறதா? தனி அலுவலர்தான் எல்லாம். ஐந்து வருஷத்துக்கு மேல். அடைமழை வந்தது, கொரோனா வந்தது, நகரம் ஓடியது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கவுன்சிலர் இல்லாமல் ஓடும் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

தரமணி_டெவலப்பர் | திங்கள், மாலை 7:10

இதுக்குத்தான் சொல்றேன், ஒரே ஆப், ஒரே நம்பர், மொழியை செலக்ட் பண்ணு, போட்டோ எடு, அனுப்பு. கூட்டமே தேவையில்ல.

மலர்_டீச்சர் | திங்கள், மாலை 7:25

ஆப்பில் புகார் கொடுக்கலாம் தம்பி. "போன வருஷம் எங்கள் தெருவுக்கென்று ஒதுக்கிய பணம் எங்கே?" என்று பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுகிற மாதிரிக் கேட்க முடியாது. சபை எதற்கு என்றால் அதற்கு.

நிர்வாகி | திங்கள், இரவு 8:00

கட்சிப் பெயர் சொல்லித் திட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். "வந்தேறி" என்ற சொல் இருந்த ஒன்றையும். தொடருங்கள்.

குடவோலை | திங்கள், இரவு 8:40

நீக்கிய ஒன்று என்னுடையது. அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன், கருத்தை அல்ல.

1953 மறந்துவிட்டதா? தனி ஆந்திரம் கேட்டவர்கள் "மதராஸ் மனதே", அதாவது "மதராஸ் நமதே", என்று கேட்டார்களா இல்லையா? ம.பொ.சி. "தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்" என்று நின்றிருக்காவிட்டால் இன்றைக்கு நாம் எந்த மொழியில் இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருப்போம்? பல மொழிக்காரர்கள் இருந்தார்கள் என்பதற்காகத்தான் இந்த நகரமே கைவிட்டுப் போகப் பார்த்தது. அந்தப் பயத்தை ஒரே கிண்டலாக ஒதுக்கிவிடாதீர்கள். மண்டபத்தில் "இது தமிழ்நாடு" என்று சொன்னவர் வாயில் வந்தது அந்தப் பயம்தான்.

வால்டாக்ஸ்_ரோடு | திங்கள், இரவு 9:30

ஐயா, உங்கள் பதிவைப் படித்துக் கோபம்தான் வந்தது, பிறகு கொஞ்சம் யோசித்தேன்.

1953 எங்கள் வீட்டுக் கதை. பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திரம் கேட்டு உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15ஆம் தேதி இறந்தது மயிலாப்பூரில். எங்கள் தாத்தா அந்த ஊர்வலத்தில் நடந்தவர். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திரா பிறந்தபோது கர்னூலுக்குப் போகலாமா என்று வீட்டில் பேச்சு வந்ததாம். கடையை விட்டுவிட்டு யார் போவது? தங்கிவிட்டார். அதுவரை இந்தச் சென்னையில் கூடிய சட்டமன்றத்தில் 375 உறுப்பினர். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் எல்லாம் கேட்டிருக்கும். திடீரென்று ஒரு காலையில் நாங்கள் சிறுபான்மை. நாங்கள் எங்கும் நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது. திருத்தணிக்காரர்களைக் கேளுங்கள், 1960இல் அவர்களுக்கு அந்தக் கோடு இன்னொரு முறை நகர்ந்தது.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. சொல்லப்போனால் அதில் எனக்கும் பங்கு உண்டு. இந்தித் திணிப்பு என்று பேச்சு வந்தால் எங்கள் வீட்டில்தான் சத்தம் அதிகம். ஆனால் வளையல் கடை அம்மா சென்னையைக் கேட்கவில்லையே. அடைப்பெடுக்கத்தானே கேட்டார்.

பழைய_சிரஸ்தார் | செவ்வாய், காலை 6:05

இரவு முழுக்க இதையே யோசித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை.

நம் மாநிலம் டில்லியிடம் எண்ணிக்கைக்கு எதிராக வாதாடும் இடங்களை எண்ணிப் பாருங்கள். முதலாவது, மொழி. 1963இன் ஆட்சிமொழிச் சட்டத்தை 1967இல் திருத்தினார்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் எல்லாம் தீர்மானம் போட்டு, பிறகு நாடாளுமன்றத்தின் ஈரவையும் தீர்மானம் போடும்வரை ஆங்கிலம் போகாது. எல்லாம் என்றால் எல்லாம். ஒரு மாநிலம் மறுத்தாலும் போதும். 1976இல் வந்த ஆட்சிமொழி விதிகள் தொடக்கத்திலேயே "தமிழ்நாடு நீங்கலாக" என்று சொல்லித்தான் ஆரம்பிக்கின்றன.

இரண்டாவது, தொகுதி மறுவரையறை. தம்பி தரமணிக்குக் கணக்குப் பிடிக்கும் என்பதால் போட்டுப் பார்த்தேன். 1971 கணக்கெடுப்பில் நம் மக்கள்தொகை 4.12 கோடி, மக்களவைத் தொகுதி 39. ஒரு உறுப்பினருக்குச் சுமார் பத்தரை லட்சம் பேர். அன்றைய உத்தரப்பிரதேசம் 8.83 கோடி, தொகுதி 85. அங்கும் கிட்டத்தட்ட அதே பத்தரை லட்சம். 1976இல் அதை உறைய வைத்தார்கள். 2011இல் பார்த்தால் நமக்குப் பதினெட்டரை லட்சத்துக்கு ஒருவர், உத்தரப்பிரதேசத்துக்கு 25 லட்சத்துக்கு ஒருவர், பீகாருக்கு 26 லட்சத்துக்கு ஒருவர். ஒரு ஓட்டுக்கு ஒரே மதிப்பு என்று நேர்கோட்டில் பேசினால் நாம் தோற்போம். நாம் சொல்வது வேறு: குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்தைத் தண்டிக்காதே, கூட்டாட்சி என்பது தலை எண்ணுவது மட்டுமல்ல என்கிறோம். நானும் அதையே சொல்கிறேன், மனமாரச் சொல்கிறேன்.

அப்படியானால் மண்டபத்து மாடியில் அந்த வாதம் எங்கே போனது? டில்லியில் நாம் சிறுபான்மை, கோட்டையில் நாம் பெரும்பான்மை, யானைக்கவுனித் தெருவில் மறுபடி இன்னொருவர் பெரும்பான்மை. ஒவ்வொரு படியிலும் ஆள் மாறுகிறார். டில்லிக்கும் நமக்கும் நடுவே பூட்டு போட்டு வைத்திருக்கிறோம். கோட்டைக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு தாழ்ப்பாள்கூட இல்லை.

தரமணி_டெவலப்பர் | செவ்வாய், காலை 9:40

ஐயா, கணக்கு சரி. இத நான் யோசிக்கல.

ஆனா ஒரு டவுட். எல்லா படியிலயும் பூட்டு போட்டா யாரு வேலை செய்யறது? நாலு மொழில நோட்டீஸ், நாலு மொழில மினிட்ஸ்... நாளைக்கு ஒடியா வேணும், போஜ்புரி வேணும்பாங்க. எங்க சைட்டுல கட்டட வேலை செய்யறவங்க எல்லாம் அங்க இருந்துதான் வர்றாங்க.

ரிப்பன்_மாளிகை_எதிரில் | செவ்வாய், காலை 10:20

அவர்களுக்கு இங்கே ஓட்டே இல்லை, அதனால் யாரும் எதையும் ஒடியாவில் அடிக்க மாட்டார்கள், கவலைப்படாதீர்கள். ரேஷன் மட்டும் 2020 அக்டோபரிலிருந்து எந்த ஊர் அட்டைக்கும் இங்கே கிடைக்கிறது. அரிசி ஊர்விட்டு ஊர் வந்துவிட்டது, ஓட்டு வரவில்லை. தேர்தல் ஆணையம் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றை 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்டியது. கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை. அதே வருஷம் மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, அங்கிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. எங்கள் சைட்டில் அந்த வாரம் பாதி ஆள் ஊருக்குப் போய்விட்டான். அவன் பயத்தைக் கேட்கவும் ஒரு கவுன்சிலர் இல்லை. அவனுக்கு அவர் தேவையில்லை, அவருக்கும் அவன் தேவையில்லை.

ஆமாம், தரமணித் தம்பி, உங்கள் ஓட்டு எங்கே இருக்கிறது?

தரமணி_டெவலப்பர் | செவ்வாய், காலை 10:31

...சங்கரன்கோவில்ல.

பெரம்பூர்_லோக்கோ | செவ்வாய், காலை 10:33

அப்போ அந்த வளையல் கடை அம்மாதான் இந்த ஊர் வாக்காளர். நீ கெஸ்ட்டு. தமிழ் பேசற கெஸ்ட்டு.

தரமணி_டெவலப்பர் | செவ்வாய், காலை 10:34

ஒத்துக்கறேன் அண்ணே.

ஐஸ்ஹவுஸ்_அம்மி | செவ்வாய், மதியம் 3:10

இந்த இழையை என் மகள் அனுப்பினாள். திருவல்லிக்கேணியில் நாலு தலைமுறை. வீட்டில் உருது.

நான் எதிர்ப்பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன். 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. ஒன்றாம் வகுப்பில் ஆரம்பித்து வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பில் எல்லாருக்கும் தமிழ்த் தாள் என்பது திட்டம். எங்கள் பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. தமிழ் தெரியாவிட்டால் இங்கே வேலையும் இல்லை, மதிப்பும் இல்லை. ஆனால் என் மகள் படித்த பள்ளியில் இடையில் இரண்டு வருஷம் தமிழ் டீச்சரே இல்லை. படித்துக்கொடுக்காமல் பரீட்சை எழுதச் சொன்னால்? தெலுங்கு, உருதுப் பள்ளிகள் எல்லாம் விலக்குக் கேட்டு நீதிமன்றம் போனது அதனால்தான். அதைப் பார்த்து "இவர்களுக்குத் தமிழ் பிடிக்காது" என்றார்கள். டீச்சர் கேட்டோம், எங்களுக்கு விலக்கு கிடைத்தது. விலக்கு யாருக்கு வேண்டும்? என் மகள் இப்போது தனியாக ஒரு டியூஷன் வைத்துத் தமிழ் படிக்கிறாள், காலேஜ் முடித்த பிறகு.

வளையல் கடை அம்மாவுக்கும் அதேதான் நடக்கும் என்று நினைக்கிறேன். "சரி, நீ இந்தியிலேயே பேசு" என்று பெருந்தன்மையாக விட்டுவிடுவார்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

மலர்_டீச்சர் | செவ்வாய், மதியம் 3:50

அம்மி, உங்கள் கடைசி வரியை என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

குடவோலை | செவ்வாய், மாலை 5:15

அம்மா, தமிழ் டீச்சர் கேட்டுப் போராடியவர்கள் நீங்கள் என்பது எனக்குத் தெரியாது. பத்திரிகையில் "விலக்கு" என்ற ஒரு சொல்தான் கண்ணில் பட்டது.

என் நிலை மாறவில்லை. சபையின் பொதுமொழி தமிழாகத்தான் இருக்க வேண்டும், பதிவு தமிழில்தான் இருக்க வேண்டும். ஆனால் பேச வந்தவரைப் பேசவிட்டுவிட்டு, அதைத் தமிழில் எழுதிக்கொள்வதில் தமிழுக்கு என்ன குறை வந்துவிடும்? பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் எடுத்துச் சொன்னால் போதாதா?

பழைய_சிரஸ்தார் | செவ்வாய், மாலை 6:00

போதும். சட்டமன்றத்துக்கே அப்படித்தான் விதி. அரசியல் சட்டத்தின் 210ஆவது பிரிவு: அவையின் மொழிகளில் தன்னைச் சரியாக வெளிப்படுத்த முடியாத உறுப்பினர் தாய்மொழியில் பேசப் பேரவைத் தலைவர் அனுமதிக்கலாம். கோட்டையில் உறுப்பினருக்கு உள்ளது, மண்டபத்து மாடியில் வாக்காளருக்கு இருந்தால் என்ன?

வால்டாக்ஸ் அம்மா, அடுத்த கூட்டத்துக்கு முன்னால் இரண்டு வரி மனு கொடுங்கள். "350ஆவது பிரிவின்படி" என்று தொடங்குங்கள். பிரிவு எண்ணைப் பார்த்தால் கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும், இது என் 34 ஆண்டு அனுபவம்.

வால்டாக்ஸ்_ரோடு | செவ்வாய், இரவு 9:20

கொடுக்கிறேன். நோட்டீஸைத் தெலுங்கிலும் இந்தியிலும் நானே அடித்து ஒட்டிவிடலாம் என்றும் இருக்கிறேன். ஏ4 தாள், அம்பது பிரதி, பெரிய செலவில்லை. தெலுங்கு வாசகத்தை மட்டும் யாராவது பிழை பார்த்துத் தர வேண்டும், எனக்கு அந்த எழுத்து வராது என்றேனே.

ரிப்பன்_மாளிகை_எதிரில் | செவ்வாய், இரவு 9:45

அனுப்புங்கள், என் மனைவி பார்த்துத் தருவார். குண்டூர்க்காரி.

நாலா எது என்று மட்டும் கேட்டு வையுங்கள்!

வால்டாக்ஸ்_ரோடு | (பதினோரு வாரம் கழித்து) புதன், இரவு 10:15

பழைய இழையைத் தூசி தட்டுவதற்கு மன்னியுங்கள். ஏப்ரல் 14 கூட்டம் நடந்தது.

நோட்டீஸ் ஒட்டினோம். மனுவுக்கு எழுத்தில் பதில் வரவில்லை. கூட்டத்தில் அதிகாரி, "யாருக்கு எது வசதியோ பேசுங்க, பக்கத்துல இருக்கவங்க சொல்லட்டும், நான் தமிழ்ல எழுதிக்கறேன்" என்று வாயால் சொன்னார். ஐம்பது பேருக்கு மேல் வந்தார்கள், நாற்காலி போதவில்லை. நிறையப் பேசினார்கள். பாதி, பக்கத்து வீட்டுக்காரன் வண்டியை எங்கே நிறுத்துகிறான் என்பது. ஒருத்தர் இருபது நிமிஷம் நாய்களைப் பற்றிப் பேசினார், மூன்று மொழியில்.

வளையல் கடை அம்மா வந்தார். நான் மொழிபெயர்க்கிறேன் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எழுந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. "எங்க தெரு, தண்ணி, கறுப்பு தண்ணி, மழை இல்லை, சும்மாவே வருது" என்று தமிழிலேயே சொல்லி முடித்தார். வீட்டில் பேத்தியிடம் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தாராம். பின்வரிசைக்காரர் இந்த முறை கைதட்டினார். அதுவும் எனக்கு முழுசாகப் பிடிக்கவில்லை, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

ரிப்பன் அண்ணே, கறுப்புத் தண்ணீர், மழை இல்லாமல் வருகிறது. ஆக கழிவுநீர். வடிகால் இல்லை.

ரிப்பன்_மாளிகை_எதிரில் | புதன், இரவு 10:22

அப்படியானால் அந்த மண்டபத்தில் இருந்தவர் கையில் அது இல்லை. வாரியத்துக்கு எழுத வேண்டும்.

வால்டாக்ஸ்_ரோடு | புதன், இரவு 10:25

அதையேதான் அவரும் சொன்னார். எழுதி அனுப்புவதாகத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அம்மாவின் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள், மூன்றெழுத்து கூடுதல். அவர் அதைக் கவனிக்காமல் கீழே குஜராத்தியில் கையெழுத்துப் போட்டார்.

குடவோலை | வியாழன், காலை 6:50

பெயரைத் திருத்தச் சொல்லிவிடுங்கள் அம்மா. புத்தகத்தில் ஏறிவிட்டால் பிறகு கஷ்டம்.

வால்டாக்ஸ்_ரோடு | வியாழன், காலை 8:05

இன்றைக்குக் கடை திறந்ததும் அவரையே கூட்டிக்கொண்டு போகிறேன்.